கல்லும் கல்வியும்

தஞ்சைத் தரணியிலே எல்லாம் உண்டு. கல் மட்டும் இல்லை!

குடந்தையிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லுங்கள். மயிலாடுதுறை, திருவாரூர், நாகை எனக் கடல் வரையில் செல்லுங்கள். வயல், வரப்பு, வாய்க்கால், மீண்டும் வயல். மலை இல்லை, குன்றும் இல்லை, குன்றின் துண்டான பாறையும் இல்லை. களத்து நெல்லைக் கொத்த வரும் காகத்தை விரட்ட ஒரு கல் வேண்டுமானாலும் சிறுவர்கள் இருப்புப்பாதைக்குத்தான் ஓடவேண்டும். எந்தச் சீமையிலிருந்தோ வண்டியேறி வந்து, தண்டவாளத்தின் அடியில் கிடக்கும் சல்லிதான் அவர்கள் அறிந்த கல்!

அப்படிப்பட்ட நாட்டின் தலைவாயிலிலே, 1010 ஆம் ஆண்டளவில், இருநூறு அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் கருங்கற் கோயிலை எழுப்பினான் இராசராசன். கல் அத்தனையும் வெளியிலிருந்து வந்தது. எந்தப் பாறை நேராகப் பிளக்கும், எது பிளவாது, எது பாரம் தாங்கும் என்பதைத் தட்டிப் பார்த்து ஓசையால் அறிந்தான் கல்தச்சன். அந்த அறிவு கையிலிருந்து கைக்குச் சென்றது, ஏட்டில் ஏறவில்லை. கரிகாலன் பெயரால் வழங்கும் கல்லணையோ, அடிகாண முடியாத ஆற்றுமணலின்மேல் நிற்கிறது. மணலில் அடித்தளம் இடும் அந்த வித்தையைக் கல்லணையிடம் கற்றோம் என்று, 1836 இல் முக்கொம்பில் மேலணை கட்டத் தொடங்கிய ஆங்கிலப் பொறியாளர் ஆர்தர் காட்டனே எழுதி வைத்தார். ஆள வந்தவன், ஆளப்பட்டவனிடம் பாடம் கேட்ட கதை அது!

உழவனும் சளைத்தவனல்லன். வண்டல், எக்கல், களி, சவுடு, உவர், செவ்வல், பொட்டல் என்று ஒரு கைப்பிடி மண்ணை அள்ளியவுடன் பெயர் சொல்லிப் பிரிப்பான். தஞ்சைக்கு அருகே வல்லத்து மேட்டில் கிடைத்த பளிங்குக் கற்களைத் தேய்த்து மூக்குக்கண்ணாடி செய்தனர் தஞ்சைக் கைவினைஞர். தொல்காப்பியரோ, நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வகுத்தார். நிலமும் காலமும்! இவ்விரண்டையும் ஒருசேர ஆராயும் அறிவுத்துறைக்கு இன்று நிலவியல் என்று பெயர். கல்லுதல் என்றால் தோண்டுதல். கற்றல் என்றால் படித்தல். இரண்டுக்கும் வேர் ஒன்றா, வேறா என்பதை மொழிநூலார் முடிவு செய்யட்டும்; இரண்டையும் சேர்த்துச் செய்பவன் நிலவியலறிஞன் என்பதில் நமக்கு ஐயமில்லை.

இத்தனை இருந்தும், நாற்று நடும் வயலுக்குக் கீழே இருநூறு அடியில், இரண்டாயிரம் அடியில் என்ன கிடக்கிறது என்று நாம் கேட்டோமா? கேட்டவர் யார்? கேட்டு அறிந்ததை எவருக்குச் சொன்னார்? இன்று அதைக் கற்க விரும்பும் உழவர் வீட்டுப் பிள்ளைக்கு வழி உண்டா? மேனிலைத் தேர்வு முடிந்ததும் மருத்துவம், அது கிட்டாவிட்டால் பொறியியல், அதுவும் கசந்தால் கணினி என்று ஓடும் நம் இளைஞருள் பலர், நிலவியலில் பட்டம் என்றொன்று உண்டு என்பதையே அறியார். ஆகவே இந்த வரலாற்றைக் கொஞ்சம் விரித்தே கூறுவோம்.

கேள்வி எழாமற் போனதற்குக் காரணம் உண்டு. விடை முன்கூட்டியே தயாராக இருந்தது!

காவிரி எப்படி வந்தது? அகத்தியரின் கமண்டலத்தைக் காகம் கவிழ்த்தது; வந்தது. பூமி எதன்மேல் நிற்கிறது? ஆதிசேடன் தலைமேல். ஏன் நடுங்குகிறது? அவன் தலையை அசைத்தான். பூம்புகார் ஏன் அழிந்தது? மன்னன் இந்திர விழாவை மறந்தான், தெய்வம் சினந்தது, கடல் பொங்கியது. மணிமேகலை சொல்லும் காரணம் இதுதான். காப்பியத்தைக் காப்பியமாகச் சுவைப்பதில் நமக்குத் தடையில்லை. சாத்தனாரின் தமிழ் நம் சொத்து. ஆனால் கழிமுகம் என்பது ஆறு கொணரும் மண்ணுக்கும் கடல் அரிக்கும் அலைக்கும் இடையே ஓயாது நடக்கும் வழக்கு. மண் வரத்துக் குறைந்தால் கடல் வெல்லும், மண் மிகுந்தால் கரை வெல்லும் என்ற செய்தியை எவரும் நமக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய இடத்திலே சாபம் வந்து உட்கார்ந்துகொண்டது!

கதைதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்பீரோ? 2004 திசம்பர் 26 ஐ எண்ணிப் பாருங்கள். காலை ஆறரை மணியளவில் சுமத்திராவுக்கு அப்பால் கடலடித் தட்டு ஒன்று மற்றொன்றின் கீழே நழுவியது. அலை நாகைக் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இரண்டு மணி நேரம்! வேளாங்கண்ணியிலிருந்தும் அக்கரைப்பேட்டையிலிருந்தும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தே மேட்டுக்குச் சென்றிருக்கலாம். நேரம் இருந்தது, சொல்வாரில்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் 2007 இல்தான் வந்தது. நிலநடுக்கத்தை எவராலும் நிறுத்த முடியாது. ஆயினும் அதை அறிந்தவன் இருக்கும் நாட்டுக்கும் இல்லாத நாட்டுக்கும் இடையே உள்ள தொலைவை அந்த ஆறாயிரம் பேரால் அளக்கலாம்.

நம் மண்ணின் கீழே என்ன இருக்கிறது என்ற கேள்வியை முறையாகக் கேட்டவன் வெள்ளையன். நம்மீது கொண்ட அன்பினாலா? அன்று! நீராவிக் கப்பலுக்கும் இரயிலுக்கும் நிலக்கரி வேண்டியிருந்தது. 1851 இல் தாமஸ் ஓல்டாம் தலைமையில் இந்திய நிலவியல் ஆய்வுத்துறை தோன்றியது. அதற்குப் பத்தாண்டு முன்பே கே, கன்லிஃப் என்ற இரு ஆங்கிலேயர் புதுவை, திருச்சிப் பக்கங்களில் கல்லாகிப் போன சிப்பிகளைத் திரட்டி இங்கிலாந்துக்கு அனுப்பினர். எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்ற அறிஞர் 1846 இல் அவற்றை விவரித்து எழுதினார். பின்னர் எச். எஃப். பிளான்ஃபோர்டு திருச்சி மாவட்டத்தின் அந்தப் பாறைகளைக் கால்நடையாக அளந்து 1862 இல் வெளியிட்டார். பெர்டினாண்டு ஸ்டோலிச்கா அச்சிப்பிகளுக்கு ஒவ்வொன்றாகப் பெயர் சூட்டினார்.

அவர்கள் கண்டது என்ன? கொள்ளிடத்துக்கு வடக்கே அரியலூரும் பெரம்பலூரும் இருக்கும் இடத்தில் ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடல் இருந்தது. பழைய பெருங்கண்டம் பிளந்து, இந்தியா தனியே நகரத் தொடங்கிய காலை, பிளவில் புகுந்த கடல் அது. சுருள் சுருளான ஓடு கொண்ட அம்மோனைட்டு என்னும் கடலுயிர் அதில் நீந்தியது. அதே இனத்தின் கல்லான உடலை இமயத்துக் கண்டகி ஆற்றில் பொறுக்கி, சாளக்கிராமம் எனப் பெயரிட்டு, பட்டு உடுத்திப் பாலாட்டினர் நம்மவர். அரியலூர் உழவனோ அதைக் கலப்பையை மொட்டையாக்கும் கல் எனத் திட்டி வரப்புக்கு அப்பால் எறிந்தான். வணங்கியவனும் கேட்கவில்லை, எறிந்தவனும் கேட்கவில்லை: இது என்ன, இங்கே எப்படி வந்தது?

1863 மே 30 ஆம் நாள், சென்னைக்கு அருகே பல்லாவரத்தில், இராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழங்கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்குக் கிடைத்த சான்று அது. மறையும் மனுவும் தோன்றுவதற்கு எண்ணிப்பார்க்க இயலாத காலத்துக்கு முன்பே இம்மண்ணில் ஆள் இருந்தான், அவன் கையில் கருவி இருந்தது! அதே ஆண்டில் கண்டறியப்பட்ட அத்திரம்பாக்கத்தின் கருவிகள் பதினைந்து இலட்சம் ஆண்டுப் பழமை கொண்டவை என்று 2011 இல் வெளிவந்த ஆய்வு நிறுவியது. எந்த யுகக் கணக்கைக் காட்டிலும் இந்தக் கல்லின் கணக்கு உறுதியானது. ஏனெனில் இதை ஐயுறுவோர் மீண்டும் அளந்து பார்க்கலாம்.

பல்லாவரம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. அங்கே கிடைக்கும் கரிய பாறைக்கு உலக நிலவியல் சார்னோகைட்டு என்று பெயர் தந்திருக்கிறது. ஏன்? கல்கத்தாவில் சோப் சார்னாக் என்ற கம்பெனி வணிகனின் கல்லறைக் கல் அந்த வகைப் பாறை. அதை ஆராய்ந்த தாமஸ் ஆலந்து, இறந்தவன் பெயரைப் பாறைக்குச் சூட்டினார். பாறை நம் ஊரினது. பெயரோ கல்லறைக்குள் கிடப்பவனது!

இந்த ஆலந்து பெயரை மறவாதீர்கள். பிரமதநாத் போசு என்ற வங்காளி இலண்டனில் கற்று, 1880 இலேயே ஆய்வுத்துறையின் உயர்பதவியில் சேர்ந்தவர். முறைப்படி தலைமைப் பதவி அவருக்கு வரவேண்டும். 1903 இல் அவரைத் தாண்டி, பணியில் அவருக்குப் பத்தாண்டு இளையவரான ஆலந்து தலைவராக்கப்பட்டார். நிறம் வேறு, வேறு குறை இல்லை! போசு பதவியை உதறினார். அடுத்த ஆண்டு மயூர்பஞ்சில் இரும்பு உண்டு என்று டாட்டாவுக்கு அவர் எழுதிய கடிதத்திலிருந்துதான் ஜாம்செட்பூரின் எஃகு ஆலை பிறந்தது. இந்தியனுக்குத் தலைமை ஏற்கும் ஆற்றல் இல்லை என்றவர்களுக்கு இதைவிட வேறு விடை ஏது?

அந்த நாற்காலியில் ஓர் இந்தியர் அமர 1951 ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. துறை தோன்றி நூறு ஆண்டுகள்! அமர்ந்தவர் எவர்? கல்லே இல்லாத தஞ்சை மாவட்டத்தில், மகாராஜபுரத்தில், 1898 இல் பிறந்த எம். எஸ். கிருஷ்ணன். சென்னை மாநிலக் கல்லூரியில் நிலவியல் ஆனர்ஸ் பட்டம் பெற்று, இலண்டன் சென்று டாக்டர் பட்டத்தோடு திரும்பி, 1924 இல் ஆய்வுத்துறையில் சேர்ந்தார். 1940 இல் பெரம்பலூர்ப் பகுதிச் சாத்தனூரில் கல்லாகிக் கிடந்த மரத்தை உலகுக்கு அறிவித்தவர் அவரே; அம்மரத்தின் நீளம் பதினெட்டு மீட்டர். 1943 இல் அவர் எழுதி வெளியிட்ட இந்திய, பர்மிய நிலவியல் நூல் பல பதிப்புகள் கண்டு, பல தலைமுறை மாணவருக்குப் பாடமாயிற்று. 1970 இல் மறைந்தார். வண்டல் மண்ணில் பிறந்தவர், இந்தியத் துணைக்கண்டத்தின் பாறைகளை எல்லாம் ஒரு நூலுக்குள் அடுக்கி வைத்தார். தஞ்சையில் எத்தனை தெருக்களுக்கு எவரெவர் பெயரோ இருக்கிறது. இவர் பெயரைச் சொன்னால் அறிவார் எத்தனை பேர்?

அவர் திறம் பெரிது. அதில் இரண்டாம் கருத்தில்லை. எனினும் அவர் கல்லூரி சென்ற காலத்தையும் காணவேண்டும். 1914 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்த பட்டதாரிகள் 650 பேர். அவர்களுள் பார்ப்பனர் 452, பார்ப்பனரல்லாத இந்துக்கள் 124, ஏனையோர் 74. நாட்டுமக்களில் நூற்றுக்கு மூவராக இருந்தோர் பட்டத்தில் நூற்றுக்கு அறுபத்தொன்பது! மகாராஜபுரத்தின் வயலில் அன்று சேற்றில் நின்றவனின் மகனுக்குப் பாறையைப் பற்றிப் படிக்க எவர் இடம் தந்தார்? ஏர் பிடித்தவனுக்கு ஏடு இல்லை. கிணறு வெட்டிய ஒட்டனுக்குப் பள்ளி இல்லை. நிலத்தின் உள்ளே தினமும் இறங்கியவன் அவன். நிலத்தைப் பற்றிய பாடமோ வேறிடத்தில் நடந்தது. நீதிக்கட்சி ஆட்சி கொண்டுவந்த வகுப்புரிமை ஆணை, 1951 இல் அரசியல் சட்டத்துக்குச் செய்யப்பட்ட முதல் திருத்தம், பின்னர் ஊர்தோறும் எழுந்த பள்ளிகள் ஆகியவையெல்லாம் அக்கதவைச் சிறிது சிறிதாகத் திறந்தன. திறந்த கதவின் வழியே மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் நுழைந்தோம். நிலவியல் வாயிலில்தான் கூட்டம் குறைவு.

குறைந்ததால் என்ன கெட்டது? கூறுவோம்.

நம் சிற்றூர்ப் பெயர்கள் உலகெங்கும் நிலவியல் நூல்களில் அச்சேறியிருக்கின்றன. ஊட்டத்தூர், தெரணி, காரை, சில்லக்குடி, கல்லங்குறிச்சி, ஒட்டக்கோவில், கல்லமேடு ஆகிய ஊர்ப்பெயர்களெல்லாம் பாறைத் தொகுதிகளின் பெயர்கள். அச்சிப்பிகளைக் கற்கும் வெளிநாட்டு மாணவன் காரை என்றால் அறிவான். காரைக்குப் பக்கத்து ஊரான் அறியான். இன்னொரு பெயரும் உண்டு. 1953 சூலை 15 இல் நம் தோழர்கள் தண்டவாளத்தில் தலை வைத்துப் போராடியது நினைவிருக்கிறதல்லவா? கல்லக்குடி என்ற தமிழ்ப்பெயரை அழித்து டால்மியாபுரம் என்று வைத்ததை எதிர்த்தோம். கல்லக்குடி! பெயரிலேயே கல் இருக்கிறது. சுண்ணக்கல் அங்கிருந்ததால்தான் சிமெண்டு ஆலையே வந்தது. இரயில் நிலையத்தில் பெயர் மாறியது, வென்றோம். நிலவியல் ஏடுகளிலோ அப்பாறைக்கு டால்மியாபுரம் தொகுதி என்ற பெயர் இன்னும் வழங்குகிறது. கல்லக்குடி என்று எழுதுவோரும் உளர். அங்கே பெயர் மாறத் தண்டவாளம் உதவாது. ஆராய்ச்சிக் கட்டுரை வேண்டும், அதை எழுதக்கூடிய தமிழர் வேண்டும்.

பெயர் போகட்டும், வயலுக்கு வருவோம். நெய்வேலியில் 1930 களில் சம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டபோது கரிய பொருள் வந்தது. விட்டெறியாமல் அரசினரிடம் காட்டினார். பழுப்பு நிலக்கரி அது. 1956 இல் நிறுவனம் தோன்றியது. 1959 இல் எண்ணெய், இயற்கை எரிவாயு ஆணையம் சட்டப்படி அமைந்தது. 1964 இல் காரைக்காலில் ஆழ்துளை போட்டார்கள். நரிமணத்தில் எண்ணெய் கிடைத்தது. 1993 இல் நாகைக்கருகே சுத்திகரிப்பு ஆலை எழுந்தது. அப்போதுதான் காவிரிப் படுகை என்பது மேற்பரப்பு வண்டல் மட்டுமன்று, சில இடங்களில் ஐந்து கிலோமீட்டருக்கும் மேல் ஆழமான படிவுப் பள்ளம் என்பது ஊருக்குத் தெரியவந்தது. தெரியவந்தது என்றா சொன்னோம்? எண்ணெய் எடுத்தவர்க்குத் தெரிந்தது!

2010 இல் நடுவண் அரசு ஒரு தனியார் நிறுவனத்தோடு ஒப்பந்தமிட்டது. மன்னார்குடியை மையமாக வைத்து, தஞ்சை, திருவாரூர் மாவட்டங்களில் 691 சதுர கிலோமீட்டர் பரப்பின் அடியில் உள்ள நிலக்கரியிலிருந்து மீத்தேன் எடுக்க உரிமை. 2011 சனவரியில் மாநில அரசும் கையொப்பமிட்டது. ஆட்சியில் இருந்தவர் எவர் என்று கட்சி கட்டுவது இக்கட்டுரையின் வேலையன்று. அந்த 691 சதுர கிலோமீட்டரில் வாழ்ந்தோருக்கு அத்தாளைப் படிக்கத் தெரிந்ததா என்பதே நம் கேள்வி. நிலக்கரி அடுக்கில் வாயு ஒட்டிக்கொண்டிருப்பது நீரின் அழுத்தத்தால். அந்நீரை இறைத்து வெளியேற்றினால்தான் வாயு வெளிவரும். இறைக்க இறைக்க நீர்மட்டம் எத்தனை அடி தாழும்? மேலே உள்ள குடிநீர் அடுக்குக்கும் கீழே உள்ள கரி அடுக்குக்கும் இடையே களிமண் திரை இருக்கிறதா, இருந்தால் எத்தனை தடிப்பு? கடல்நீர் உள்ளே புகுமா? வெளிவரும் உவர்நீரை எங்கே கொட்டுவர்? நிலவியல் பட்டதாரி முதல் நாள் கேட்கும் கேள்விகள் இவை. ஊர் தோறும் கேட்பதற்கு ஆள் இருந்ததா?

ஆயினும் மக்கள் எழுந்தனர். வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்தார். அப்போராட்டக் களத்திலேயே 2013 திசம்பரில் உயிர் நீத்தார். 2013 சூலையில் மாநில அரசு பணியை நிறுத்தியது. வல்லுநர் குழு ஆராய்ந்தது. 2015 அக்டோபரில் தடை வந்தது. 2017 இல் நெடுவாசல் எழுந்தது. அவ்வாண்டு சூனில் கதிராமங்கலத்து வயலில் எண்ணெய்க் குழாய் கசிந்தது. 2020 இல் காவிரிப் படுகையைக் காக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் வந்தது. அதற்குப் பின்னும் 2023 இல் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே என மூன்று நிலக்கரிப் பகுதிகளை ஏலப் பட்டியலில் சேர்த்தார்கள்; எதிர்ப்புக் கண்டு ஏப்ரலில் நீக்கினார்கள். சட்டம் இருக்கையிலேயே பட்டியல் வந்தது என்பதை ஊன்றிப் பாருங்கள்! தில்லியில் பட்டியல் எழுதியவரின் மேசையில் நம் வயலின் ஆழ்துளைக் கணக்கு இருந்தது. நம் ஊராட்சி மன்றத்தின் மேசையில் அது இருந்ததில்லை.

நிலவியல் உழவனுக்குப் பகையன்று. சொல்லப்போனால் அவனுக்கு அது இன்று முன்னைவிடத் தேவை. 1934 இல் மேட்டூர் அணை எழுந்தபின் மேலிருந்து வரும் வண்டலில் பெரும்பங்கு அங்கேயே தங்கிவிடுகிறது. கொள்ளிடத்து மணல் வண்டி வண்டியாய்ப் போயிற்று. 2018 ஆகசுட்டில், காட்டன் தொடங்கிய அதே முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. கடலோர ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் கரிக்கிறது. இவற்றுக்கு யாகம் செய்து பயனில்லை, முழக்கம் மட்டும் போட்டும் பயனில்லை. அளந்து, வரைந்து, எண்ணைக் காட்டிப் பேசும் ஆள் வேண்டும்.

அந்த ஆளாவதற்கு வழி என்ன?

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்ப்போம். இப்படிப்பைப் பழைய ஏடுகள் பூகர்ப்ப சாஸ்திரம் என்று எழுதின, பூமியின் கருப்பையாம்! தமிழ் மறுமலர்ச்சியில் நிலவியல் என்ற நல்ல சொல் கிடைத்தது. ஆனால் பள்ளியில் பூகோளத்துக்கு வைத்த புவியியல் என்ற பெயரையே அரசின் புவியியல், சுரங்கத்துறையும் வைத்துக்கொண்டது. ஆகவே மாணவன் கல்லூரி வாயிலில் புவியியல் என்று கேட்டால் நாடு, நகர், தட்பவெப்பம் படிக்கும் பிரிவைக் காட்டுவார்கள். பாறையைப் படிக்க விரும்புவோர் நிலவியல், ஜியாலஜி என்று இரு பெயரையும் சொல்லிக் கேட்பது நலம். தமிழனுக்குத் தன் மொழியில் கேட்டு வழி தவறும் நிலை வந்தது வெட்கத்துக்குரியது. சொல்லாக்கக் குழுவினர் கவனிப்பார்களாக.

மேனிலைப் பள்ளியில் அறிவியல் பயின்றவர் மூன்றாண்டு பி.எஸ்சி. நிலவியலில் சேரலாம். கணிதம் படித்திருப்பின் வாயில்கள் அதிகம். சென்னை மாநிலக் கல்லூரி, திருச்சி தேசியக் கல்லூரி, சேலம் அரசு கலைக்கல்லூரி, தூத்துக்குடி வ. உ. சி. கல்லூரி ஆகியவற்றில் நிலவியல் துறை உண்டு. தஞ்சைப் பிள்ளைக்குக் கொள்ளிடம் தாண்டியதும் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. முதுநிலைக்குச் சென்னைப் பல்கலைக்கழகமும் அண்ணா பல்கலைக்கழகமும் புதுவைப் பல்கலைக்கழகமும் உண்டு. சேலத்திலே பெரியார் பெயர் தாங்கிய பல்கலைக்கழகம் பயன்பாட்டு நிலவியல் கற்பிக்கிறது. ஆதிசேடனைக் கேலி செய்தவர் பெயரால் அமைந்த இடத்தில் பூமியின் உட்புறத்தைக் கற்பிப்பது பொருத்தமே! திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகம், வானிலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு நிலத்தை ஆராயும் படிப்பில் பெயர் பெற்றது. தஞ்சையிலேயே 1981 இல் தோன்றிய தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நில அறிவியலுக்கென ஒரு துறை உண்டு. அது வெளியிட்ட அறிவியல் களஞ்சியத் தொகுதிகளை நூலகத்தில் எடுத்துப் பாருங்கள், தமிழில் இத்துறையைப் படிக்கத் தொடங்கப் போதும்.

இளநிலையோடு நிற்பவர் பாதி ஆற்றில் நிற்பவர். இந்திய நிலவியல் ஆய்வுத்துறையிலும் நடுவண் நிலத்தடி நீர் வாரியத்திலும் உயர்பதவிக்கு ஆள் எடுக்க ஒன்றியத் தேர்வாணையம் நடத்தும் நிலவியலாளர் தேர்வுக்கு முதுநிலைப் பட்டம் வேண்டும். ஆகவே ஐந்தாண்டு என்று எண்ணியே இறங்க வேண்டும். பி.எஸ்சி. முடித்தவர் ஜாம் என்னும் நுழைவுத்தேர்வில் நிலவியல் தாள் எழுதினால் மும்பை, கரக்பூர், ரூர்க்கி போன்ற ஐ.ஐ.டி.களில் முதுநிலை கற்கலாம். 1926 இல் சுரங்கப் பள்ளியாகத் தொடங்கி 2016 இல் ஐ.ஐ.டி.யான தன்பாத்தும் அவ்வழியில் வரும். கிருஷ்ணன் கடல் கடந்து தேடிய கல்வி இன்று இரயில் தொலைவில் இருக்கிறது. சுரங்கப் பொறியியல் என்பது வேறு. எடுக்கும் கலை அது. எங்கே இருக்கிறது, எடுக்கலாமா, எடுத்தால் என்ன ஆகும் என்று சொல்வது நிலவியல். படுகை மக்களுக்கு இப்போது வேண்டியவர் இரண்டாமவர் என்பது நம் எண்ணம்.

பெண்ணுக்கு இது ஆகுமா என்று சில பெற்றோர் கேட்பர். 1952 ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் பெண்ணை நிலத்தடிச் சுரங்கத்தில் வேலை செய்ய விடாமல் தடுத்தது உண்மை. 2019 இல் அத்தடை தளர்ந்தது. தொழில்நுட்பப் பணியிலும் மேற்பார்வைப் பணியிலும் பெண்கள் சுரங்கத்துள் இறங்கலாம். இடுப்பளவு சேற்றில் நின்று நாற்று நட்டவளின் மகளுக்குச் சுத்தியல் தூக்க வலுவில்லை என்று சொல்வோர் தஞ்சை வயலைப் பார்த்ததில்லை.

எக்கல்லூரியில் சேர்ந்தாலும் களப்பயணம் உண்டு. திசைகாட்டி, சுத்தியல், உருப்பெருக்கிக் கண்ணாடி, குறிப்பேடு ஆகியவையே கருவிகள். சேர்வதற்கு முன்பே பார்க்க விரும்புவோர்க்கும் தடையில்லை. தஞ்சையிலிருந்து திருவையாறு வழியே கொள்ளிடம் கடந்தால் நாற்பது கிலோமீட்டரளவில் அரியலூர். அங்கே வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. அதற்கு மேற்கே, பெரம்பலூர்ப் பக்கம், காரையின் செம்மண் ஓடைகள் இருக்கின்றன. சாத்தனூரில் கிருஷ்ணன் கண்ட மரம் வேலிக்குள் படுத்திருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமையும் பேருந்துக் கட்டணமும் போதும்.